கூரைக்கு ஏறிய ஐந்தாம் எண்

ஹோர்னி ப்ரோட்,
9 அக்டோபர் 1994

அன்புள்ள வெண்டோ அண்ணா,

உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் தங்கியிருக்கும் அந்த ஃபின்லாந்துப் பையனுக்குக்கூட வேண்டாம். அவனுக்கு நம் மொழி தெரியாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு.

உன் இருமல் விட்டதா? அங்கே பனி தொடங்கிவிட்டதா? நாங்கள் நலம். எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

வெள்ளிக்கிழமை கோஹான் வீட்டுக்கு வந்தார். நீ ஆடுவதற்காக ஃபின்லாந்து போன பிறகு நம் ஐஸ் ஹாக்கி கிளப்பை வாங்கினாரே, பழைய ஜெர்மன் கார் விற்பவர், அவர்தான். கையில் பெரிய கேக். உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"கேப்டன், பதினாலு வருஷமா ஒரே ஜெர்சி! இந்த ஊர்ல வேற யாரு அப்படி இருந்திருக்கா? உங்க அஞ்சாம் நம்பரை இனிமே ஒருத்தனும் போடக் கூடாது. ஜனவரியில பெரிய விழா வெச்சு ஸ்டேடியம் கூரையில ஏத்தப்போறோம்."

அப்பாவுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. உடனே நிலவறைக்குப் பிளம் பிராந்தி எடுக்கப் போய்விட்டார். அவர் படியிறங்கியதும் கோஹான் அம்மாவின் தையல் மெஷின் பக்கம் குனிந்தார். நான் ஜாம் எடுக்கச் சாமான் அறைக்குள் போயிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

"மார்கிதாம்மா, கூரை ஜெர்சியை நீங்கதான் தைக்கணும். கட்டில் விரிப்பு அளவுக்கு இருக்கணும். கிளப்போட தையல் வேலை உங்க கையிலேயே இருக்கும், அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. அவர் ரொம்ப யோசிக்காம கையெழுத்து போட்டாப் போதும். நாம முன்னாடி பேசினது நமக்குள்ளேயே இருக்கட்டும்."

அம்மா தலை நிமிராமல் சரி என்றார். கோஹான் போன பிறகு அம்மா என்னைப் பார்த்துவிட்டார். என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. "நீ எதையும் கேக்கல. சத்தியம் பண்ணு." பண்ணினேன். இப்போது அதை மீறித்தான் உனக்கு எழுதுகிறேன்.

அண்ணா, மரியாதை செய்வதற்குக் கையெழுத்து எதற்கு? அப்பாவுக்கு அடுத்த பருவம் முழுவதும் ஆட ஒப்பந்தம் இருக்கிறதே. வசந்த காலத்தில் அதைச் சமையலறையில் நின்று உரக்கப் படித்துக்காட்டினார். அங்கே ஜெர்சியைக் கூரையில் ஏற்றுவதை நீ பார்த்திருப்பாய். ஏற்றிய பிறகு அந்த ஆட்டக்காரர் தொடர்ந்து ஆடுவாரா? அதை மட்டும் சொல்.

பதிலை என் தோழி போஜ்கா வீட்டு முகவரிக்குப் போடு. உடம்பைப் பார்த்துக்கொள். கழுத்தில் எதையாவது சுற்றிக்கொள்.

உன் தங்கை
டோர்கா

*

ஃபின்லாந்து,
30 அக்டோபர் 1994

அன்புள்ள டோர்கா,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது, மன்னித்துக்கொள். இருமல் போய்விட்டது. நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஏரி ஓரங்களில் உறைய ஆரம்பித்துவிட்டது. வியாழக்கிழமைதோறும் பட்டாணி சூப் கொடுக்கிறார்கள். முதலில் பிடிக்கவில்லை, இப்போது வியாழன் எப்போது வரும் என்று இருக்கிறது.

நீ வீணாகப் பயப்படுகிறாய். ஜெர்சியை ஏற்றுவது பெரிய கௌரவம். விளக்குகளை அணைத்துவிட்டு ஜெர்சியின் மேல் மட்டும் ஒளி அடிப்பார்கள். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். வயதான ஆண்கள் அழுவார்கள். மற்றபடி நீ கேட்டதற்கு என்ன சொல்ல, ஊருக்கு ஊர் வேறு மாதிரி. கோஹானும் நீ நினைப்பதுபோல் கெட்டவர் இல்லை. அம்மா சொல்வதைக் கேட்டு நட.

அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கிறாரா? போதும், நிறுத்திக்கொள்ளலாம் என்று எப்போதாவது பேச்சு எடுத்தாரா? யோசித்து எழுது.

நன்றாகப் படி. போஜ்காவின் வீட்டாருக்கு என் வணக்கம்.

அண்ணன்
வெண்டோ

*

ஹோர்னி ப்ரோட்,
13 நவம்பர் 1994

அன்புள்ள அண்ணா,

நீ நலம் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எனக்கு மட்டும் சளி. அப்பா பூண்டு தேய்த்த ரொட்டியைத் தின்னவைத்ததால் வகுப்பில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

முழங்கால் பற்றிக் கேட்டாய். நேற்று என்னை முதுகில் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். எண்ணச் சொன்னார், நான்தான் சிரித்து எண்ணிக்கையை விட்டுவிட்டேன். நிறுத்துவது பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ட்ரென்சீன் பக்கம் வெளியூர் ஆட்டத்தில், ஹ்ருஷ்கா என்றால் பேரிக்காய்தானே, அந்த நம் குடும்பப் பெயருக்காக வழக்கம்போல் அந்த ஊர்க்காரர்கள் பேரிக்காயை எறிந்திருக்கிறார்கள். அப்பா ஒன்றை எடுத்து, ஜெர்சியில் துடைத்து, கடித்துத் தின்றுகொண்டே பெஞ்சுக்குப் போனாராம். அந்த ஊர்க்காரர்களே கைதட்டினார்களாம்.

இதை கோல்கீப்பர் பேலா மாமா வந்து சொன்னார். அவரும் அப்பாவும் சமையலறையில் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"இம்ரோ, அமெரிக்காவுல ஆட்டத்தை விட்டவன் ஜெர்சியைத்தான்யா ஏத்துவான்."

"அது அமெரிக்கா. நம்ம மில் வாசல்ல சிறந்த தொழிலாளின்னு என் போட்டோவை மாட்டினாங்களே, மறந்துட்டியா? மாட்டின மறுநாளு நான் ஷிப்டுக்குப் போகலையா?"

"ஷிப்டா! நீ எப்பய்யா ஷிப்டுக்குப் போன? மில்லு பேர்ல சம்பளம் வாங்கிட்டு ரெண்டு பேரும் ஹாக்கிதானே ஆடினோம்!"

"சரி, ப்ராக்டீஸுக்குப் போனேன்ல? போட்டோ அங்க தொங்கிச்சு, நான் இங்க ஆடினேன். அதே மாதிரிதான் இதுவும். கோஹானே சொன்னாரு, நம்பர்தான் மேல போகுது, நீங்க எங்க போகப்போறீங்கன்னு."

"அந்த போட்டோவுல நீ முழிச்ச முழிக்கு, காணவில்லைன்னு கீழ எழுதியிருக்கலாம்."

அப்பா ஈரத்துணியை அவர் மேல் எறிந்தார். ஆனால் பேலா மாமா கிளம்பும்போது சிரிக்கவில்லை. "கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிச்சவன் யார்கிட்டயாவது காட்டு. எல்லையைத் திறந்த வருஷம் நாங்க எல்லாரும் ஆஸ்திரியாவுக்கு ஓடினோம். மில் டைரக்டர் கையைப் பிடிச்சுக் கேட்டாருன்னு நீ ஒருத்தன்தான் இங்கயே இருந்த. அவரு இப்ப எங்க இருக்காரு? கையைக் குலுக்கினவன்லாம் போய்ட்டான் இம்ரோ. இப்ப தாளு மட்டும்தான்."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பதினாலு வருஷம் இருந்தவனை இந்தக் கிளப்பு ஏமாத்தாதுடா."

உன் ஆட்டங்களைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அப்பா கேட்கிறார். அடுத்த கடிதத்தில் எழுது. காலுக்குக் கம்பளிக் காலுறை போடு.

டோர்கா

*

ஹோர்னி ப்ரோட்,
4 டிசம்பர் 1994

அன்புள்ள வெண்டோ அண்ணாவுக்கு டோர்கா எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். நீ நலமாக இருக்க வேண்டுகிறோம். இந்தக் கடிதத்தை அம்மாதான் உறையில் போட்டு ஒட்டுகிறார், ஆகவே இங்கே எல்லாம் மிக நன்றாக இருக்கிறது. கணக்கில் எனக்கு இரண்டாம் தரம் கிடைத்தது. பனி முழங்கால் அளவு. அப்பா கீழே இரண்டு வரி எழுத விரும்புகிறார்.

அன்புடன்,
டோர்கா

டேய் வெண்டோ, அப்பா எழுதறேன். ஜனவரி இருபத்தெட்டு, சனிக்கிழமை சாயங்காலம் விழா. அன்னைக்கு ஐஸ்ல என் பக்கத்துல நீ நிக்கணும்னு ஆசையா இருக்கு. ரயில் செலவை நான் பாத்துக்கறேன். உங்க பயிற்சியாளர்கிட்ட ரெண்டு நாள் லீவு கேளு, நான் சொன்னேன்னு சொல்லு. இந்த வருஷம் எத்தனை கோல்? எந்த வரிசையில ஆடற? எழுதுடா. உங்கம்மா நீ இளைச்சிட்டன்னு கனவு கண்டாளாம்.

*

ஃபின்லாந்து,
11 டிசம்பர் 1994

அன்புள்ள டோர்கா,

நலம். நீங்களும் நலமாக இருங்கள். உன் போன மாதக் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை, வேலை அதிகம். விழாவுக்கு வர முயற்சி செய்கிறேன் என்று அப்பாவிடம் சொல்.

அப்பா கையெழுத்து போட்டுவிட்டாரா? அதை மட்டும் எழுது. நான் எழுதுவதை நீயும் யாருக்கும் காட்டாதே. குறிப்பாகப் பேலா மாமா கண்ணில் படவேண்டாம்.

உனக்கு இங்கிருந்து ஒரு ஜோடி கையுறை வாங்கியிருக்கிறேன். குளிரில் வெறும் தலையோடு போகாதே.

வெண்டோ

*

ஹோர்னி ப்ரோட்,
18 டிசம்பர் 1994

என் அன்பு அண்ணா,

நலமாக இரு. உனக்கு கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நம் வீட்டுக் குளியல் தொட்டியில் நேற்றிலிருந்து கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாங்கிய கெண்டை மீன் உயிரோடு நீந்துகிறது. அப்பா முழங்காலை வெந்நீரில் வைக்க இடமில்லாமல், "கிறிஸ்துமஸ் வரைக்கும் இவன்தான் வீட்டுக்கு எஜமான்" என்று தினமும் அதற்கு வணக்கம் சொல்கிறார்.

அண்ணா, எனக்கு வந்திருந்த பயமெல்லாம் போய்விட்டது! கேள். கூரை ஜெர்சி தைத்து முடிந்துவிட்டது. கட்டிலையே மூடுகிறது. ஆனால் அம்மா இரவில் இன்னும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். இன்று அவர் கடைக்குப் போயிருந்தபோது, படுக்கை உறைகள் வைக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அடியில் இன்னொரு ஜெர்சி, ஆட்டத்துக்குப் போடும் ஜெர்சி. முதுகில் ஹ்ருஷ்கா என்று நம் பெயர். அதன் கீழே பதினைந்து!

புரிகிறதா? ஐந்தை மேலே ஏற்றிவிட்டு அப்பாவுக்குப் பதினைந்தைக் கொடுக்கப்போகிறார்கள். விழாவில் அவர் திகைத்துப்போக வேண்டும் என்று மறைத்து வைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான்தான் முட்டாள்போல் உன்னையும் கலங்கவைத்துவிட்டேன்.

அப்பா இன்னும் கையெழுத்து போடவில்லை. கோஹான் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். பேலா மாமா சொன்னது அப்பாவுக்குள் முள்ளாக இருக்கிறது. தாளை எடுத்துப் படிக்கிறார், மடிக்கிறார், மறுபடி எடுக்கிறார். "எண்ணும் அது தொடர்பான கடமைகளும் முடிவுக்கு வருகின்றன, இதென்ன பாஷைடி?" என்று என்னிடம் கேட்டார். புத்தாண்டுக்குப் பிறகு நகரத்துக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்க்கலாமா என்று யோசிக்கிறார். தூக்கமில்லை. அம்மாவோடும் சண்டை.

பதினைந்தாம் எண் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் முகம் எப்படி மலரும்! ஆனால் அம்மாவுக்குச் செய்த சத்தியம் இருக்கிறது. நீ சொல்கிறபடி செய்கிறேன். உன் பதில் வரும்வரை வாய் திறக்க மாட்டேன். சொல்லலாமா, கூடாதா? ஒரு வரி போதும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
டோர்கா

*

ஃபின்லாந்து,
27 டிசம்பர் 1994

டோர்கா,

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

சொல்லு. அவர் நிம்மதியாகக் கையெழுத்து போடட்டும். நான் சொல்லச் சொன்னதாக மட்டும் சொல்லாதே.

வெண்டோ

*

ஹோர்னி ப்ரோட்,
8 ஜனவரி 1995

அண்ணா,

நீ நலமா? நான் நலமில்லை. காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை, ஆனாலும் நலமில்லை.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அன்று மாலையே சொல்லிவிட்டேன். அப்பா குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து முழங்காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, உனக்குப் பதினஞ்சு."

"என்னடி பதினஞ்சு? கணக்குல மார்க்கா?"

"நம்பர்ப்பா. அம்மா தைச்சு ஒளிச்சு வெச்சிருக்கு. நம்ம பேரு போட்டு. நான் பாத்தேன்."

அவர் குவளையைக் கீழே வைத்தார். "நிஜமா?" என்று கேட்டார். சின்னப் பையன் கேட்பதுபோல் இருந்தது. பிறகு ஈரக் கையோடு என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தார். "பேலா ஒரு பயந்தாங்கொள்ளி. நான் சொன்னேன்ல, இந்தக் கிளப்பு ஏமாத்தாதுன்னு!" வியாழக்கிழமை காலையில் விசிலடித்துக்கொண்டே போய்க் கையெழுத்து போட்டுவிட்டு வந்தார். வக்கீலைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று ராஜாக்கள் திருநாள். அம்மா தேவாலயத்தில் இருந்தார். அப்பா என்னிடம் கண்ணடித்தார். "எடுத்துட்டு வா. போட்டுப் பாத்துட்டு உள்ளயே வெச்சிடலாம். உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம்."

எடுத்துவந்தேன். தலை நுழைந்தது. தோளில் நின்றுவிட்டது. இரண்டு கையும் மேலே தூக்கியபடி, முகம் துணிக்குள் இருக்க, "என்னடி, அந்தக் கெண்டை மீனை நான் மட்டும் தின்னேனா?" என்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு துணிக்குள்ளிருந்து சிரிப்பு வரவில்லை. கைகள் அப்படியே மேலே இருந்தன. நான்தான் இழுத்துக் கழற்றினேன்.

மேசையில் விரித்து வைத்தார். தோளுக்குத் தோள் தன் கையால் சாண் போட்டு அளந்தார். அப்பாவின் ஜெர்சிகளில் அக்குளுக்குக் கீழே ஒரு பட்டைத் துணி அதிகம் வைத்துத் தைப்பார் அம்மா, உனக்குத் தெரியுமே. இதில் அது இல்லை.

"உங்கம்மா ஒரு நாளும் என் அளவுல தப்பினதில்ல."

பிறகு என்னைப் பார்த்தார். அண்ணா, அப்பா அப்படி என்னைப் பார்த்ததே இல்லை.

"உன்னை யாரு என்கிட்ட அனுப்பினது?"

"யாரும் இல்லப்பா."

"உங்கம்மாவா?"

"இல்லப்பா. நானா பாத்தேன். நானாத்தான் சொன்னேன்."

நீ சொல்ல வேண்டாம் என்று எழுதியதால் உன் பெயரைச் சொல்லவில்லை. அவர் ஜெர்சியை இருந்த மடிப்பிலேயே மடித்து என் கையில் கொடுத்தார். "வெண்டோவோட தோளு இப்ப எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, சுவரிடம் கேட்டதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு என்னிடம் அவர் பேசவில்லை. ரொட்டி வேண்டுமா என்று கேட்டால் தானே எழுந்து எடுத்துக்கொள்கிறார்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. அதை எழுதப் பயமாக இருக்கிறது. இல்லை என்று எழுது, அண்ணா. நீ இந்த வருடம் எத்தனை கோல் போட்டாய் என்றாவது எழுது.

டோர்கா

*

18 ஜனவரி 1995

அன்புள்ள டோர்கா,

நலம். வருகிறேன். எல்லாவற்றையும் நேரில் பேசிக்கொள்ளலாம், கடிதத்தில் எழுதினால் தப்பாகத் தெரியும். நீ சின்னப் பெண், சிலது இப்போது புரியாது.

ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். கோஹான் கார் அனுப்புகிறார். சனிக்கிழமை நேராக ஸ்டேடியத்துக்கு வந்துவிடுவேன். அம்மாவுக்குக் காபித்தூளும் உனக்குக் கையுறையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்பாவிடம் இப்போது எதுவும் சொல்லாதே.

வெண்டோ

*

ஹோர்னி ப்ரோட்,
28 ஜனவரி 1995, இரவு

வெண்டோ,

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறாய். நீ புரண்டு படுப்பது கேட்கிறது. உன்னிடம் பேச என்னால் முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன்.

இன்று மத்தியானம் அம்மா எனக்குத் தலை பின்னிவிடும்போது எல்லாவற்றையும் சொன்னார். "உங்கண்ணனை அங்க செப்டம்பர்லயே அணியிலேர்ந்து எடுத்துட்டாங்க. ஐஸைத் துடைக்கிற வண்டி ஓட்டிட்டு இருக்கான். சம்பளப் பட்டியல்ல ஒரு ஹ்ருஷ்காவுக்குத்தான் இடம், அது கிழவனா பையனாங்கறதை நீங்களே முடிவு பண்ணுங்கன்னு கோஹான் சொன்னாரு. உங்கப்பாவுக்கு இனிமே என்ன இருக்கு, முட்டி போச்சு. பையன் அந்நிய ஊர்ல கிடக்கான். வீட்டுக்கு வரட்டும்னு நினைச்சேன். தப்பா? சொல்லுடி, தப்பா?" சீப்பு என் தலையிலேயே இருந்தது.

விழா நீ எழுதியபடியே நடந்தது. விளக்கை அணைத்தார்கள். ஐந்தாம் எண் மேலே போனது. வயதான ஆண்கள் அழுதார்கள். அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கோஹான் மைக்கில், "நம்ம கேப்டன் தன் சொந்த விருப்பத்துல இன்னையோட ஆட்டத்துலேர்ந்து விடைபெறுறார்" என்றார். அரங்கம் முழுவதும் ஒரு முனகல் எழுந்தது. "ஆனா ஹ்ருஷ்காங்கற பேரு இந்த ஐஸை விட்டுப் போகாது!" என்றதும் சுரங்கவழியிலிருந்து நீ வந்தாய். பதினைந்து. தோள் கச்சிதமாக இருந்தது.

அப்பா உன் இரு கன்னத்திலும் முத்தமிட்டார். எங்கள் வரிசையில் பெண்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். பதினைந்தைப் போட்டுப் பார்த்த அன்றே அப்பா கோஹானிடம் போய் அந்தத் தாளைக் கிழித்து எறிந்திருக்கலாம். பேலா மாமா மூன்று வாரமாகக் கெஞ்சினார், "இன்னும் நேரம் இருக்கு, கேஸ் போடு" என்று. அப்பா போடவில்லை. போட்டால் உன் இடம் போயிருக்கும். அது உனக்குத் தெரியுமா? நீ ஐஸில் வந்தபோது பேலா மாமா கோல் கம்பத்தின் பக்கம் திரும்பி, உனக்கு முதுகைக் காட்டி நின்றாரே, கவனித்தாயா?

வீட்டுக்கு வந்ததும் உன்னிடம், "சாப்பிடுடா, காலையில ப்ராக்டீஸ் இருக்கு" என்றார். உன் தட்டில் இறைச்சியை அவரே எடுத்து வைத்தார். பிறகு அம்மாவையும் என்னையும் பார்த்து, "ரெண்டு பேரும் நல்லாத் தைச்சீங்க" என்றார்.

ரெண்டு பேரும்.

அப்போது உன்னைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். ஒரு வாக்கியம் போதும்: "அவ என்கிட்ட கேட்டா, நான்தான் சொல்லச் சொன்னேன்." மேசையில் எல்லோரும் காத்திருந்ததுபோல் எனக்குத் தோன்றியது. நீ உப்பைக் கேட்டாய்.

உன்னை அவர் மன்னித்துவிட்டார், வெண்டோ. இடம் வேண்டும் என்று வந்த பையனை அவருக்குப் புரிகிறது. அவருக்குப் புரியாதது நான்தான். வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் ஓடிப்போய், அவர் சந்தோஷப்படுவதைப் பார்த்துக்கொண்டே ஏமாற்றினேன் என்று நினைக்கிறார். கோஹானிடமிருந்து வந்த ஏமாற்றத்தைக்கூட அவர் முகத்தில் நான் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கும்போது மட்டும் அது வருகிறது.

டிசம்பரில் உனக்கு அது யாருடைய ஜெர்சி என்று தெரியும். நான் சந்தோஷத்தில் எழுதியதைப் படித்தாய். அந்தச் சந்தோஷத்தை எடுத்து அவர் கையில் பேனாவாகக் கொடுத்தாய். வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர் வக்கீலைப் பார்த்திருப்பார். எதுவும் எழுதாமல் இருந்திருந்தால்கூட நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

காலையில் நீ ப்ராக்டீஸுக்குப் போகும் முன் அவரிடம் சொல்லவேண்டும். அம்மா முன்னால் வேண்டாம், எல்லோரையும் கூட்டிவைத்தும் வேண்டாம். அவர் காபி போடும்போது சொல். நீ சொல்லாவிட்டால் நான் உன் டிசம்பர் கடிதத்தை அவரிடம் கொடுப்பேன். நீ கிழிக்கச் சொல்லவில்லை, நான் கிழிக்கவில்லை. கொடுத்தால் அவருக்கு மகன் இல்லாமல் போவான், கொடுக்காவிட்டால் மகள் இல்லை. இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று நீ விட்டிருக்கிறாய். எனக்குப் பதினான்கு வயது. எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கும் பயமாக இருக்கிறது என்று தெரியும், ஆனால் நீ

கீழே சமையலறை விளக்கு எரிகிறது. யாரோ மாடிப்படி ஏறுகிறார்கள். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படியாக. உன் அறைக்குப் போகிறார் என்று நினைத்தேன். தாண்டிவிட்டார்.

என் கதவைத் தட்டுகிறார். "டோர்கா, தூங்கிட்டியா?" என்கிறார். மூன்று வாரத்துக்குப் பிறகு என் பெயரைச் சொல்கிறார். நீ புரள்வதை நிறுத்திவிட்டாய், உனக்கும் கேட்கிறது. மறுபடி தட்டுகிறார். உன் கடிதம் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது, எடுத்துவிட்டேன், கையில் வைத்திருக்கிறேன், நான் போய்க் கதவைத்